அண்ணன் பக்கம் சாயும் பாறை

மே 4, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. வாசல் பெருக்கும்போது, அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நிற்கும் பாறையடியில் மறுபடி ஒரு கை மணல். எறும்பு தள்ளியது பாதி, பாறையே உதிர்த்தது பாதி. தட்டிப் பார்த்தேன். மேல் அடுக்கு பொக்கையாகச் சத்தம் போடுகிறது.

வாங்க: பல்பு, பிளேடு, டைகருக்கு பிஸ்கட். டைகர் யார் நாய் என்றே தெரியாது. அண்ணன் வீட்டில் சோறு, என் வீட்டில் பிஸ்கட். பாறையைச் சுற்றி இரண்டு பக்கமும் போய் வருகிற ஒரே ஜீவன்.

பிளேடு எதற்கு? யார் பார்க்கப் போகிறார்கள் இந்த முகத்தை?

மே 6, புதன்

பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் டேபிள் பாதி சும்மா. சாயங்காலம் மழை. சுட்ட பாறையில் விழுந்து ஆவி. கொஞ்ச நேரத்தில் டப் என்று ஒரு சத்தம்.

போய்ப் பார்த்தால் பாறை இடுக்கில் முளைத்த அரசங்கன்றின் வேர் போன வழியெல்லாம் பிளவு. விரல் நுழைகிறது. மேல் அடுக்கு அண்ணன் பக்கம் சாய்ந்திருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பிளவு தெரியாது. அந்த நிழலில்தான் அவர் கட்டில் போட்டுப் படுப்பது.

இரண்டு இலையாக இருந்தபோதே பிடுங்கியிருக்கலாம். அரசில் கை வைத்தால் பாவம் என்று நான் விட்டேன். அவரும் விட்டார்.

பங்கு பிரித்தபோது பாறையைத்தான் எல்லையாக வைத்தார்கள். "கல்லு என்ன நடந்தா போயிரும்?" என்றார்கள். அன்றோடு எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்றது. அண்ணி இறந்தபோது நான் வாசலோடு திரும்பினேன். என் மனைவி கமலா போனபோது அவரும் அப்படியே. இப்போது ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு தட்டு.

மே 7, வியாழன்

பாறை விழப்போகிறது, கட்டிலைத் தள்ளிப் போடட்டும் என்று பால்காரரிடம் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன். திரும்பி வந்து சொன்னார்:

"சொன்னனுங்க. எங்கப்பன் பொறக்கறதுக்கு முந்தியே இருந்த கல்லு, அவன் சொன்னா உளுந்துருமாங்கறாருங்க."

பிடிவாதம். அதை மட்டும் எங்களுக்குச் சரிபாதியாகப் பிரித்திருக்கிறார்கள்.

நேரில் போய்ச் சொல்லலாம். வாய் வரவில்லை. பயமாக இருக்கிறது.

மே 10, ஞாயிறு

லீவு. பெங்களூரிலிருந்து மகன் போன். "சாப்ட்டீங்களாப்பா, வெச்சறேன்." சோறு ஆக்கவில்லை.

மத்தியானம் வெயிலோடு தூறல். பிளவில் இப்போது கையே போகிறது. அந்தப் பக்கம் வரை திறந்துவிட்ட பிளவு வழியே கட்டில் கயிறு தெரிந்தது. குறட்டை. பாறை நறநற என்றது.

"அண்ணா! எந்திரீங்க! கல்லு வருது!"

என் குரல்தானா என்றிருந்தது. எழுந்து ஓடினார். அடுக்கு சரிந்து கட்டிலை நொறுக்கிவிட்டது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

புழுதி அடங்கியது. அவர் வீட்டு அடுப்படி வரை தெரிகிறது. சுவரில் அண்ணி போட்டோ. அவர் என் பக்கம் திரும்பவில்லை. குனிந்து நாயின் தலையைத் தடவினார்.

"டைகரு, அவன் சாப்ட்டானான்னு கேளு."

நானும் நாயைப் பார்த்தே சொன்னேன்.

"இன்னும் இல்லீங்கண்ணா."