வீண்போகாத கோரிக்கை

1933 ஜனவரி 9

காலையில் நிலக்கரிப் புகை கல்கத்தா காளிகாட் முழுவதையும் மூடியிருந்தது. பள்ளிப் பெண்கள் இருமிக்கொண்டே கடவுள் வாழ்த்துப் பாடினார்கள்.

நம் தென்னிந்தியர் பள்ளியின் காரியதரிசி பட்டாபிராமன் பாங்குக்குப் போகும் வழியில் வந்தார். இரண்டு செய்தி. சர்க்கார் சிக்கனம் செய்வதால் ஏப்ரல் முதல் நமக்குத் தரும் கிராண்ட் பணம் குறைகிறது. ஓர் ஆசிரியையை நிறுத்த வேண்டும். கல்வி மந்திரி நம் பரிசளிப்பு விழாவுக்கு வரச் சம்மதித்துவிட்டார். முதல் செய்தியை மெதுவாகவும் இரண்டாவதை உரக்கவும் சொன்னார்.

கடைசியாகச் சேர்ந்தவள் ஜலஜா; நிறுத்தினால் அவளைத்தான். அவள் கணவன் ராஜாராமனைச் சணல் கம்பெனியில் ஆட்குறைப்பு என்று அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. அவர்கள் வீட்டில் இப்போது இவள் சம்பளம் ஒன்றுதான்.

ஜனவரி 12

கமிட்டி கூடியது. சாக்பீஸ் வாங்குவதைப் பற்றி வெகுநேரம் விவாதம். வரவேற்புப் பத்திரத்தை வைத்துக் கொடுக்க வெள்ளிப் பேழை வாங்குவது விவாதமில்லாமல் நிறைவேறியது.

பத்திரம் எழுதுவது தலைமை ஆசிரியையான என் தலையில். "பி.ஏ. படிச்சவா நீங்க ஒருத்தர்தானே" என்றார் பட்டாபிராமன். படித்ததற்குத் தண்டனை. எழுதினேன். மூன்றாம் பத்தியில், சுற்றி வளைக்காமல், ஆசிரியை பதவியை நீக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

ஜனவரி 20

பத்திரத்தின் பிரதி மந்திரி ஆபீசுக்குப் போயிற்று. அதுதான் வழக்கமாம். மந்திரி மேடையில் அந்தக் கணமே உள்ளம் உருகிப் பதில் சொல்ல வேண்டுமானால், இரண்டு வாரத்துக்கு முன்பே அவருக்கு விஷயம் தெரிய வேண்டும்.

ஜனவரி 28

கமிட்டித் தலைவர் திருவேங்கடம் சிவப்புப் பென்சிலோடு வந்தார். பெரிய கம்பெனியில் பெரிய உத்தியோகம். எதையும் மெதுவாகத்தான் சொல்வார்.

"ஆத்துக்கு வரவாளுக்கு மாலையைப் போட்டுட்டு, உடனே கையை நீட்டறதா? நன்னாவா இருக்கும்?"

"கேக்காம எப்படித் தருவார்?"

"பெரிய மனுஷாளுக்குக் குறிப்பாலே தெரியும், அம்மா."

முதலில் 'கோரிக்கை'யை 'விண்ணப்பம்' ஆக்கினார். பிறகு 'சிறு விண்ணப்பம்'. பிறகு பத்தி முழுவதையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் மந்திரியின் எளிய வாழ்க்கையைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னார். இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அதைப் பட்டுத் துணியில் அச்சடிக்க எடுத்துப் போனார்கள்.

மாலையில் ஜலஜா கேட்டாள்: "மாமி, என் விஷயம் எழுதியிருக்கேளோன்னோ?"

"எழுதியிருந்தேன்" என்றேன். அவள் 'எழுதியிருக்கேன்' என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனாள்.

பிப்ரவரி 4

விழா. வாசலில் வாழைமரம், பாண்டு வாத்தியம், போலீஸ். மந்திரி கதர் வேஷ்டியும் காஷ்மீர் சால்வையுமாக இறங்கினார். ஏழு மாலை. திருவேங்கடம் பத்திரத்தை வாசித்தார். மந்திரி கண்ணை மூடிக் கேட்டார்; தூக்கம் என்று சொல்ல முடியாதபடி அவ்வப்போது தலை அசைந்தது.

பதிலை இங்கிலீஷில் பேசினார். பெண்களுக்காக நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். கஷ்ட காலத்தில் தியாகம் மேலிருந்து தொடங்க வேண்டுமாம். தம் வீட்டில் இரண்டு மோட்டாரில் ஒன்றை நிறுத்திவிட்டாராம். கைதட்டல். வேலை தேடித் தினமும் கம்பெனிகள் இருக்கும் கிளைவ் தெருவுக்கு நடந்தே போய்வரும் ராஜாராமன் பின்வரிசையில் இருந்தார். அவரும் தட்டினார்.

அப்புறம்தான் அந்த வாக்கியம். "சற்றுமுன் தாங்கள் மூன்றாம் பத்தியில் ஆசிரியையைப் பற்றிச் சொன்னபோது என் நெஞ்சு கனத்தது. அந்தக் கோரிக்கை வீண்போகாது."

யாரும் அப்படி எதுவும் வாசிக்கவில்லையே! பழைய பிரதியைப் பார்த்துத் தயாரித்த பதில். புதியதை அனுப்ப வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை — எனக்கும்தான். திருவேங்கடத்தின் முகம் வெளுத்து வெள்ளிப் பேழையைப் போல ஆகிவிட்டது. இருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். ஜலஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 5

திருவேங்கடம்: "பார்த்தேளா? கேக்காமலே தெரிஞ்சுண்டார்."

பிப்ரவரி 22

இலாகாவிலிருந்து கடிதம். நமக்கு வழங்கப்பட்ட உறுதியைப் பற்றி நான் எழுதிக் கேட்டதற்குப் பதில். பேழையிலிருந்த பத்திரத்தைப் பரிசீலித்தார்களாம். அதில் ஆசிரியையைப் பற்றிக் கோரிக்கை எதுவும் இல்லை. ஆகவே அது வீண்போகுமா போகாதா என்ற கேள்வியே எழவில்லை.

இதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 23

ஜலஜாவிடம் சொன்னேன். அழவில்லை. "மந்திரி தன் வாயாலே சொன்னாரே மாமி, எல்லாரும் கேட்டோமே" — இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிண்டிருந்தா. அந்த ஆள் வாயால சொன்னது எதுக்கும் பெறாதுன்னு எனக்கு விழா அன்னிக்கே தெரியுமே.

தெரிந்து என்ன செய்தேன்?

பிப்ரவரி 26

கேட்டால் இல்லை என்று சொல்லலாம். நன்றி சொன்னால்? அதை எப்படி மறுப்பது?

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து ஒரு நன்றித் தீர்மானம் எழுதினேன். இந்த நெருக்கடியிலும் ஆசிரியையின் பதவியைக் காப்பாற்றி, பகிரங்க சபையில் தந்த வாக்கை நிறைவேற்றிய மந்திரிக்கு வங்காளத் தென்னிந்தியர் என்றென்றும் கடமைப்பட்டவர்கள். கருணைக் கடல் என்றுகூட எழுதினேன். கை கூசவில்லை.

பிப்ரவரி 27

கேட்கப் பயந்த கமிட்டி, நன்றி சொல்லப் பாய்ந்து வந்தது. பட்டாபிராமன் ஒருவர்தான் தயங்கினார். "இன்னும் ஆர்டரே வரலியே?" திருவேங்கடம் அவரை அடக்கினார்: "நன்றி சொல்றதிலே என்ன ஓய் நஷ்டம்?" எல்லோரும் கையெழுத்திட்டார்கள். மந்திரிக்கு ஒரு பிரதி, இங்கிலீஷ் பத்திரிகைகளுக்கு இரண்டு.

மார்ச் 3

அச்சாகிவிட்டது. 'கருணைக் கடல்' அப்படியே வந்திருக்கிறது.

மார்ச் 11

செய்தி இல்லை. ஜலஜா தன் வகுப்பு வரைபடங்களைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறாள், அடுத்து வருகிறவளுக்காக. யாரும் வரப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

மார்ச் 24

ஆர்டர் வந்தது. மந்திரியின் வாக்குறுதியை முன்னிட்டு, விசேஷமாக, ஆசிரியை பதவி ஒரு வருஷத்துக்கு நீடிக்கிறது. திருவேங்கடம் தம் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். ஜலஜா கட்டை அவிழ்த்து வரைபடங்களை மாட்டினாள். ஒன்று தலைகீழாக.

ஏப்ரல் 6

வெயில் ஏறிவிட்டதால் காலைப் பள்ளி. ஜலஜா வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் குரல் என் அறை வரை கேட்கிறது. ராஜாராமனுக்கு இன்னும் வேலை அமையவில்லை.

கப்பல் கம்பெனியிலிருந்து மஹாதேவன் என்று ஒருவர் வந்தார். அவர்கள் துரை சீமைக்குத் திரும்புகிறார். பிரிவுபசாரப் பத்திரம் வேண்டும். பாதி ஆபீசை வீட்டுக்கு அனுப்பிய துரை. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கிளம்புமுன் துரை கையெழுத்திடப் போகும் கடைசி ஆட்குறைப்பு ஜாபிதாவில் தன் தம்பி பேர் இருக்கிறது என்றார் மஹாதேவன். "நீங்க எழுதினா பலிக்கறதுன்னு பேசிக்கறா."

அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓர் இடத்திலும் அடித்தல் இல்லை.

வருஷ அறிக்கையும் முடிந்தது. கனம் மந்திரி அவர்களின் பரந்த நோக்கத்தாலும் தயாள சிந்தையாலும் நம் பள்ளியில் இந்த வருஷம் ஓர் ஆசிரியையும் குறையவில்லை.

மேலே உள்ள வாக்கியத்தை இப்போதுதான் திரும்பப் படித்தேன். அறிக்கையில் எழுதியது சரி. இங்கே, என் டைரியில், யாருக்காக எழுதினேன்?