மிச்சமாகும் கோட்டை

அக்டோபர் 12, ஞாயிறு

சபீதா விளையாட்டின் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

சட்டைப் பெட்டி அட்டையில் தாமிரபரணியை வரைந்து நான் செய்த போர். மூன்று பேர், மூன்று படை. சிப்பாய்கள் புளியங்கொட்டைகள். மலைப்பக்கம் வேணாடு, பெரியம்மா மகள் தஸ்மியாவுக்கு. கொற்கையில் கப்பலோடு சோழன், எனக்கு. நடுக்கோட்டையில் பாண்டியன், என் வகுப்புத் தோழி சபீதாவுக்கு. எப்போதும் நடுக்கோட்டைதான் விழுகிறது.

“ரெண்டு பேரும் சேந்துகிட்டு என்னயவே அடிக்கியோ. இனிமே நான் வரமாட்டேன்.”

தஸ்மியா சும்மா இருந்தாளா? “பாண்டிய ராஜா அழுதாரு!”

அக்டோபர் 14, செவ்வாய்

சபீதா வகுப்பில் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். பயமா இருக்கு. இனி பேசவே மாட்டாளோ? எனக்கு வேறு யார் இருக்கா?

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் புளியங்கொட்டை விளையாட்டு என்று உம்மாவுக்குத் தெரிந்தால் அட்டை அடுப்புக்குத்தான்.

மூவருக்கும் நானே ஆடிப் பார்த்தேன். பாண்டியனுக்குப் படையைக் கூட்டினால் எல்லாரையும் தின்கிறான். குறைத்தால் சாகிறான்.

அக்டோபர் 16, வியாழன்

இன்றும் பேசவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

ஜனாபா மாமி வீட்டுக் கல்யாணம். மூன்று பேர் சேர்ந்து சாப்பிட ஒரு சஹன் தட்டு. மாமி எங்கள் மூவரையும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார வைத்துவிட்டார். சபீதா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

தஸ்மியா கறியில் கை வைத்ததும் மாமி தட்டிவிட்டார். “ஏளா, சபீதா பங்கு வைக்கட்டும். பங்கு வைக்கவ கடைசியாத்தான் எடுக்கணும்.”

ஒரு எலும்பை இங்கிருந்து அங்கு, அங்கிருந்து இங்கு என்று நகர்த்திக்கொண்டே இருந்தாள் சபீதா. நாங்கள் எடுத்தோம். அவளுக்கு மிஞ்சியதும் என்னுடையதும் ஒன்றுபோலவே இருந்தன.

அட!

கை கழுவும்போது சொன்னேன்: “நாளைக்கு நீ படையப் பங்கு வையி. நாங்க எடுத்தது போக மிச்சம் ஒனக்கு.”

“ஆத்தையும் மாத்தலாமா?”

பேசிவிட்டாள்!

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி லீவு. சபீதா நடுக்கோட்டைக்கு மேலே ஒரு அணை வரைந்தாள். நடுக்கோட்டைக்காரர் அதை ஒரே ஒரு தடவை திறக்கலாம். ஆற்றில் இறங்கிய படையை வெள்ளம் அடித்துப் போகும். தஸ்மியா மலையை எடுத்தாள். நான் பழக்கத்தில் கொற்கையை. மிச்சம் — நடுக்கோட்டை.

இருவரும் சேர்ந்துதான் அடித்தோம். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை எந்தக் கோட்டையும் விழவில்லை. வெள்ளத்தில் என் கப்பல்கள்தான் போயின.

டீயோடு உம்மா வந்து நின்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அட்டையைக் குனிந்து பார்த்தாள்.

“ஆத்தங்கரையில எங்க ஊரு ஏரலக் காணோம்?”

அவ்வளவுதான் கேட்டாள்.

போகும்போது சபீதா சொன்னாள்: “வார ஞாயித்துக்கெழம நீ பங்கு வையி.”

ஏரலை வரைந்துவிட்டேன், ஒரு படகுத்துறையோடு. அவர்கள் இரண்டு பேரும் அதை எடுக்காமல் விட்டாலும் எனக்குச் சரிதான்.