கணக்கு முடிவு நாளில் கடனில்லாமல் இருந்த குற்றம்

அனுப்புநர்:
குடைப் பட்டறை உரிமையாளர்,
மேம்பாலத்துக்குக் கீழே, பச்சை இரும்புக் கதவு போட்ட கட்டடம்.

பெறுநர்:
மண்டல மேலாளர் அவர்கள்,
வங்கியின் மண்டல அலுவலகம்.

பொருள்: பத்து லட்சமாக இருந்த கடன் வரம்பை ஒரு லட்சமாகக் குறைத்த உத்தரவைத் திரும்பப் பெறக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினான்கு ஆண்டுகளாகத் தங்கள் கிளையில் ரொக்கக் கடன் கணக்கு வைத்திருக்கிறேன். கோடையில் கடன் எடுத்துத் துணியும் கம்பியும் வாங்குவேன். மழைக்காலத்தில் குடை விற்றுப் பெரும்பகுதியை அடைப்பேன். மழை தாமதமான ஆண்டுகளில் வானத்தைத் திட்டியிருக்கிறேனே தவிர, வட்டி கட்டத் தவறியதில்லை.

2. நிதியாண்டின் கடைசி வாரத்தில் கிளை மேலாளர் பட்டறைக்கே வந்தார். ஒன்பது தையல் மெஷின்களின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அக்கா, கணக்கு முடியுற அன்னைக்கு மட்டும் உங்க கடன் பூஜ்யமா இருக்கணும். ரெண்டே நாள். எங்க பேலன்ஸ் ஷீட் பார்க்க அழகா இருக்கும். அப்புறம் நீங்க பழையபடி எடுத்துக்கலாம்.” அவர் கெட்டவர் அல்ல. என் கணவர் மருத்துவமனையில் கிடந்தபோது படிவங்களை அங்கேயே கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனவர். அந்த நன்றிக்காகத் தலையாட்டிவிட்டேன்.

3. அன்றைய நிலுவை 6,00,000. அவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன்? வீட்டுப் பத்திரப் பதிவுக்காக என் நாத்தனார் சேர்த்து வைத்திருந்ததைக் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் கொடுத்தார். கடைசி நாள் மதியம் கட்டி முடித்தேன். கடன் வசூலில் கிளை முதலிடம் பிடித்ததாக வாசல் பலகையில் படம் ஒட்டியிருக்கிறது. அதில் மேலாளர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

4. இனி என் தவறு. நாத்தனார் தந்ததை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று கணக்கு எழுதுபவர் கேட்டார். “வீட்டுப் பணம்தானே, ரெண்டு நாள்ல திரும்பிடும், அதைப் போய் எழுதிக்கிட்டு” என்றேன். அவரும் அதை என் சொந்த முதலாகக் காட்டிவிட்டார். வரம்பைப் புதுப்பிக்கத் தங்கள் கிளை கேட்டபோது அந்த இருப்புநிலைக் குறிப்பைத்தான் கொடுத்தேன்; புதுப்பித்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

5. புது நிதியாண்டின் நான்காம் நாள் கடிதம் வந்தது. மைய வங்கி வட்டியை உயர்த்திவிட்டதால், பயன்படாத வரம்புகளைக் குறைக்கும்படி தலைமை அலுவலகம் சொல்லியிருக்கிறதாம். தங்கள் ஏட்டில் என் நிலுவை பூஜ்யம், என் குறிப்பில் சொந்த முதல் தாராளம், ஆகவே எனக்குக் கடன் தேவையில்லை என்று முடிவாகியிருக்கிறது. இவ்வளவு பணக்காரியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை, ஐயா. படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகுதான் நாத்தனாரின் பதிவுத் தேதி நினைவுக்கு வந்தது.

6. மேலாளரிடம் போனேன். நாற்காலியை விட்டு எழுந்து நின்று, “எனக்கே தெரியாம மேல முடிவு பண்ணிட்டாங்க அக்கா” என்றார். அவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம். ஆண்டின் மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களும் தங்கள் கணினியில் இருக்கின்றன. எந்த நாளை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள், நான் கடனோடுதான் இருப்பேன்.

7. பத்திரப் பதிவுக்கு இன்னும் ஒன்பது நாள். தவறினால் வீடு விற்பவரிடம் நாத்தனார் கொடுத்த முன்பணமும் போகும், வீடும் போகும். அவர் சண்டை போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. பட்டறை வாசலைத் தவிர்த்து அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே, அந்த ஒரு நாளை மட்டும் வைத்து என்னை எடைபோடாமல், வரம்பை ஒன்பது நாளுக்குள் பழையபடி ஆக்கித் தருமாறு வேண்டுகிறேன். நாத்தனாருக்குக் கொடுத்த பிறகுதான் ஒரு முழம் துணியாவது வாங்குவேன். திருத்திய இருப்புநிலைக் குறிப்பை இணைத்துள்ளேன்.

இந்த மனுவை அனுப்பும் முன் அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: “தொகையை எண்ணுல மட்டும் போட்டா பத்தாது அண்ணி, எழுத்துலயும் எழுதுங்க.” இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னை அண்ணி என்று கூப்பிட்டிருக்கிறார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: ஆறு லட்சம் மட்டும். கொடுத்தவர், என் நாத்தனார்.

இடம்: பட்டறை
நாள்: நிதியாண்டின் இருபத்தோராம் நாள்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
குடைப் பட்டறை உரிமையாளர்