ஒரு நொடி பிந்தும் சத்தம்

6-8-1943, முள்ளுக்குறிச்சி

மழை. கொட்டகைத் துணி நாலு இடத்தில் ஒழுகுகிறது. நேற்று ஆட்டத்துக்கு முப்பது பேர்கூட வரவில்லை. முதலாளி வெங்கிடுசாமி காலையிலேயே வந்து என்மேல் பாய்ந்தார். படம் அழுமூஞ்சிப் படமாக இருந்தால் மிஷின் ஓட்டுகிறவன் என்ன செய்வான்? மூணு மணி நேரப் படத்தில் சிரிப்பு என்று பார்த்தால் பத்து நிமிஷம். ஒரு தொந்தி மிராசுதார், அவர் சமையல்காரன், ஒரு கழுதை. மீதி நேரமெல்லாம் கதாநாயகி அழுகிறாள்.

"யுத்தத்துல பிலிம் கிடைக்கலையாம், கம்பெனியில ட்ரெய்லர் அனுப்பமாட்டாங்களாம். படத்துல இருக்கிற சிரிப்பை வெட்டி நீயே ஒண்ணு பண்ணுடா செங்கோடா. சந்தைக்கு வர்ற மலைச்சனத்துக்கு வாசல்ல சும்மா காட்டு. அடுத்த சந்தைக்குக் குடும்பத்தோட இறங்கி வருவாங்க."

"இது சிரிப்புப் படம் இல்லீங்களே" என்றேன்.

"உள்ள வந்தப்புறம் அழுதுக்கட்டும்."

மலையிலே பிறந்த என்னை வைத்தே மலைச்சனத்துக்குக் கண்ணி. மனுஷனுக்கு மூளை இருக்கிறது. எனக்கும் கை துறுதுறுக்கிறது, பொய் சொல்வானேன்.

9-8-43

ஒரு சங்கதி கண்டுபிடித்தேன்! பிலிமில் படம் இருக்கிற இடத்திலேயே அதன் சத்தம் இருக்காது, சற்று முன்னாலேயே பதிந்திருக்கும். அதனால் ஒரு துண்டை வெட்டி இன்னொன்றோடு ஒட்டினால், பழைய துண்டின் சத்தம் புதுப் படத்தின்மேல் ஒரு நொடி ஒலிக்கும். இதைக் குறை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

சமையல்காரன் கழுதையை அறையக் கை ஓங்குகிறான். அங்கே வெட்டினேன். அடுத்து மிராசுதார் முகத்தை ஒட்டினேன். ஓட்டிப் பார்த்தால் — பளார்! அறை மிராசுதார் கன்னத்தில் விழுகிறது. கழுதை வாயைத் திறக்கிற இடத்தில் வெட்டி, கதாநாயகி வாயைத் திறந்து அழுவதை ஒட்டினேன். கழுதைக் கத்தல் அவள் வாயிலிருந்து வருகிறது. பாவம்தான். ஆனாலும் ஒண்டியாக உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

திரையில் காட்ட ஒரு கண்ணாடியில் விளக்குப் புகை பிடித்து ஊசியால் எழுத்துக் கீறினேன். "சிரிப்பு! சிரிப்பு! சிரிப்பைத் தவிர வேறில்லை!" மூன்றாவது சிரிப்பு எல்லாவற்றிலும் பெரிசு. படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே கூவிச் சொல்லிவிடுவேன்.

12-8-43

சந்தை. பொழுது சாயும்போது வாசலில் காட்டினேன். அறை விழுந்ததும் கூட்டம் சிரிப்பில் வெடித்தது. மூணு தரம் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அக்கா புருஷன் சென்றாயன் மாமா மிளகுக் கூடையை இறக்கவேயில்லை, தலையில் வைத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

"மாப்ள, உங்கக்கா இதைப் பாக்கோணுமே!"

பார்க்கட்டும். அம்மா போனபிறகு என்னை வளர்த்தது கண்ணாயி அக்காதான். நான் இந்த வேலைக்கு வந்து ஆறு வருஷமாகிறது. "கூடாரத்துக்குள்ள என்னத்தப் பண்றயோ சாமி" என்று ஏளனம் பேசுவாள். ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. இந்தத் தரம் வருவாள்.

14-8-43

நெசவாளர் தெருவில் இரண்டு சாவு. வாந்திபேதி என்கிறார்கள். முதலாளி, "கெட்டுப்போன கருவாட்டைத் தின்னிருப்பாங்க, நீ வாயை மூடிட்டு இரு" என்றார்.

கருவாடாகவும் இருக்கலாம்.

16-8-43

எழுதாமல் இருந்தால் தேவலை. எழுதித்தான் ஆகவேண்டும்.

மலையிலிருந்து எங்கள் ஊர் அண்ணாமலை வந்தான். எங்கள் ஆலத்தூர் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கீழே கொள்ளை நோய் என்றால் மலைத்தடத்தின் முதல் வளைவில் வேப்பங்கொத்துக் கயிறு கட்டிவிடுவார்கள். அதைத் தாண்டி யாரும் இறங்கக்கூடாது, ஏறக்கூடாது. ஆனால் சர்க்கார் தண்டோராவை நம்பிக் கட்டமாட்டார்கள். கீழே இருக்கிற நம் ரத்தம் ஒருத்தன் வாயால் சொல்லவேண்டும். இப்போது அந்த ஒருத்தன் நான்தான்.

"ஊர்க்கவுண்டர் கேட்டுட்டு வரச் சொன்னாரு. கீழ சீக்கு இருக்குதா? நீ சொன்னாச் சரி, செங்கோடா."

முதலாளி கொட்டகைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அது ஒரு சாக்கு. அவர் இல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். கயிறு கட்டினால் யாரும் வரமாட்டார்கள். அந்த அறையை அக்கா பார்க்கமாட்டாள்.

"ஒண்ணுமில்ல. எல்லாரும் வாங்க" என்றேன்.

அவன் சந்தோஷமாகத் திரும்பிப் போனான்.

19-8-43

கொட்டகை நிரம்பி வழிந்தது. மலையிலிருந்து மட்டும் நூறு பேருக்கு மேல். அக்கா புதுச்சீலை கட்டி முன்வரிசை மணலில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மடத்தனம் செய்திருந்தேன். ட்ரெய்லருக்கு வெட்டிய துண்டுகளைத் திரும்பப் படத்தில் சேர்க்கவில்லை. ஆக, இருந்த கொஞ்சச் சிரிப்பும் படத்தில் இல்லை. மூணு மணி நேரம் வெறும் அழுகை. சனம் கத்தித் தீர்த்துவிட்டது. அக்கா மிஷின் பக்கமே வந்துவிட்டாள்.

"ஏண்டா, அந்த அறை எங்கடா? அதுக்குத்தான இத்தனை வளைவு இறங்கி வந்தேன்?"

கடைசியில் ட்ரெய்லரை மறுபடி ஓட்டினேன். அக்கா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. வாசல் பானையிலிருந்து நானேதான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். ரெண்டு சொம்பு குடித்தாள்.

"கெட்டிக்காரண்டா என் சாமி" என்றாள்.

21-8-43

பானைக்குத் தண்ணீர் எங்கே எடுக்கிறாய் என்று தண்ணீர்க்காரனைக் கேட்டேன். நெசவாளர் தெருக் கிணற்றில்.

22-8-43

கடைத்தெருவில் மலைச்சனம் ஒருத்தரும் இல்லை. கயிறு கட்டிவிட்டார்களாம். மேலே பதினோரு பேர் படுத்திருக்கிறார்கள். யார் யார் என்று சொல்ல ஆளில்லை.

23-8-43

கயிறு வரைக்கும் ஏறிப் போனேன். வேப்பிலை இன்னும் வாடவில்லை. அந்தப் பக்கம் நாலு பேர் காவல். கத்திக் கத்திக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் கழித்து சென்றாயன் மாமா வந்தார். இருபது அடி தள்ளியே நின்றுகொண்டார்.

"அக்கா எப்படி இருக்குது மாமா?"

"நேத்துக் காலையில போயிட்டா. பொதைச்சாச்சு."

நான் கயிற்றைப் பிடித்தேன். காவல் நின்றவர்கள் தடியை எடுத்தார்கள். மாமா அவர்களைத் தடுக்கவில்லை.

"நீதானடா சொன்ன, ஒண்ணுமில்லேன்னு" என்றார். திட்டவில்லை. சும்மா கேட்டார். திட்டியிருக்கலாமே! செருப்பால் அடித்திருக்கலாமே!

24-8-43

ஐயோ அக்கா.

30-8-43

மேலே மொத்தம் ஒன்பது சாவு.

துண்டுகளைப் பிரித்து அதனதன் இடத்தில் திரும்ப ஒட்டினேன். ஒவ்வொரு ஒட்டுக்கும் கொஞ்சம் பிலிம் சுரண்டிப் போகும். அந்த அறைச் சத்தம் முழுசாகப் போய்விட்டது. சமையல்காரன் கையை ஓங்குகிறான், கழுதை தலையைத் திருப்புகிறது, அவ்வளவுதான்.

18-11-43

கயிறு அவிழ்த்துவிட்டார்கள். சனம் சந்தைக்கு வருகிறது. கொட்டகைப் பக்கம் யாரும் வருவதில்லை. எதிரே வந்தால் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். மேலே போக எனக்கும் கால் வரவில்லை. இங்கேயே கிடக்கிறேன். வேறு எங்கே போவேன்?

3-2-1944

வண்டிப்பேட்டைப் பக்கம் மூணு வீட்டில் அம்மை. முதலாளி புதுப் படம் வாடகைக்கு எடுத்திருக்கிறார். "சிரிப்பா ஒண்ணு வெட்டுடா" என்றார். மாட்டேன் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

7-2-44

அண்ணாமலை இறங்கி வந்தான். கொட்டகைக்கு எதிரே வளையல்காரியிடம் குனிந்து ஏதோ கேட்டான். என்ன கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியாதா? நம் ரத்தம் இங்கே நிற்கும்போது அந்நியப் பொம்பளையிடம் கேட்கிறான். என்னைப் பார்த்தான். என்னிடம் கேட்கவில்லை.

நடுரோட்டில் நின்று கத்தினேன். "அண்ணாமலை! இங்க அம்மை இருக்குது! வண்டிப்பேட்டையில மூணு ஊடு! கயிறு கட்டச் சொல்லு!" தெருவே திரும்பிப் பார்த்தது. முதலாளி ஓடி வந்து என் வாயைப் பொத்தினார்.

அண்ணாமலை திரும்பாமல் போய்விட்டான்.

10-2-44

சந்தை. மலைச்சனம் வரவில்லை. முதல் வளைவு வரைக்கும் போய்ப் பார்த்தேன். கயிறு கட்டியிருக்கிறது.

என் சொல்லுக்குக் கட்டினார்களோ, வளையல்காரி சொல்லுக்குக் கட்டினார்களோ தெரியவில்லை. கொஞ்ச நேரம் இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வந்தேன்.