குழாய்க்குக் கீழே குடிவந்தவர்கள்

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவது என் வழக்கம். உன் அறையில் இப்போது உன் அப்பாவின் ரப்பர் பூட்ஸும் வலையும் காய்கின்றன. வாசனையைப் பற்றி எழுதுவதற்கில்லை.

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீரை இரண்டு வருடமாக நான்தான் குட்டையில் தேக்கி, மண்டியைப் படியவைத்து, குழாய் வழியாக ஓடைக்கு அனுப்புகிறேன் என்பது உனக்குத் தெரியும். குழாய்க்குக் கீழே ஓடையில் உயிர் திரும்பாவிட்டால் குட்டையை மூடி என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. உயிர் என்றால் மீன் இல்லை, கல்லடியில் வாழும் இரட்டைவால் பூச்சி. சம்பந்தி வீட்டார் மாதிரி, தண்ணீரில் லேசாகக் குறையிருந்தாலும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடும். அதை எண்ணுகிறவர், ஓடைக் காவல் குழுவின் சார்பில், உன் அப்பா. அவர் எனக்குச் சலுகை காட்டுவார் என்று யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் குடித்தனத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

நேற்று மேலிடத்திலிருந்து அதிகாரி வந்தார். ஓடையில் நின்று அடிக்கற்களைக் காலால் உதைத்து, கலங்கி வருவதை வலையில் பிடித்து, வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்க்கவேண்டும். குழாய்க்குக் கீழே முதலில், மேலே பிறகு, இதுதான் விதி. உன் அப்பா உற்சாகத்தில் மேலே நல்ல தண்ணீரில் உதைத்துவிட்டு, வலையை அலசாமலே கீழே வந்து உதைத்தார். தட்டில் ஒரு பூச்சி! அதிகாரி பேனாவைத் திறந்தார். உன் அப்பா கையைத் தூக்கி, "எழுதாதீங்க சார், இது மேலேருந்து வித்தவுட்ல வந்த ஆளு" என்றார். காலமெல்லாம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர், ஓய்வு பெற்றும் ஓயவில்லை. "நீங்க வலைய அலசாததுக்கு என் குட்டைய மூடணுமா?" என்று கத்தினேன். "நீ சுரங்கத்து ஆளு, தள்ளி நில்லு" என்றார். சமையலறை யார் வசம் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அதிகாரி, "அதெல்லாம் வீட்ல வச்சுக்குங்கம்மா, சார் மறுபடி உதைக்கட்டும்" என்றார்.

வலையை அலசி மறுபடி உதைத்தார். மணலும் சருகும்தான். இன்னொரு தடவை, அதே மணல், அதே சருகு. அப்போது அவர், தண்ணீருக்கு மேல் தலைநீட்டிய ஒரு கல்லருகே குனிந்தவர் நிமிரவே இல்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டதோ என்று பயந்துவிட்டேன். கல்லின் பக்கவாட்டில் பூச்சிகள் உரித்துவிட்டுப் போன சட்டைகள், ஒன்றல்ல, ஏழெட்டு. வலையில் வந்தவன் விருந்தாளியாக இருக்கலாம், சட்டையைக் கழற்றி மாட்டுகிறவன் வீட்டுக்காரன்தான். கல்லைப் புரட்டினால் அடியில் மூன்று பேர், வாலை ஆட்டிக்கொண்டு, எங்களைக் கொஞ்சமும் மதிக்காமல். உன் அப்பா, "இவங்க லோக்கல் சார்" என்று சான்றளித்தார். அதிகாரி எழுதிக்கொண்டு, "குட்டை இருக்கட்டும்மா, நீங்களும் இருங்க" என்றார்.

பிறகு நான் ஓடையில் இறங்கி ஆடினேன் என்று உன் அப்பா உன்னிடம் சொல்வார். நம்பாதே. கால் வழுக்கியது, நாலைந்து தடவை வழுக்கியது. அவர்தான் பதறிப்போய், "மெதுவாடி, காலுக்குக் கீழ குடும்பம் நடக்குது!" என்று கத்தினார்.

நீ எடுத்ததெல்லாம் நல்லபடி முடியட்டும். பல் டாக்டரைப் போய்ப் பார். தள்ளிப்போட்டால் பல் தானாக ஆறாது.

இப்படிக்கு,
இடுப்புவரை நனைந்த
உன் அம்மா