வலப்பக்கம் அமுக்கினால் இடப்பக்கம்

இன்று காலை வலப்பக்கம் அமுக்கினேன். டிவி விளையாட்டில் உன் விமானம் இடப்பக்கம் போயிற்று. மேலே அமுக்கினால் கீழே விழுந்தது. வில்லியனூரில் உன் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். கேசட் ஏற்றத் தனக்குத் தெரியாது, உன் வருஷ திதிக்குள் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள் என்று உன் மனைவி கூப்பிட்டிருந்தாள். அதை ஆட்டுவிக்கும் கன்ட்ரோலரை நீ செய்து முடித்திருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிரான்சு பட்டாளத்தில் இருந்த உன் பெரியப்பா கொண்டுவந்த கம்ப்யூட்டர். கீபோர்டுதான் முழுக் கம்ப்யூட்டரும்; டிவியில் சொருகி, கேசட்டிலிருந்து விளையாட்டை ஏற்ற வேண்டும். அது கீச்சுக்கீச்சென்று கத்தி ஏறுவதற்குள் நாம் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். கீபோர்டில் கியூ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருந்ததைப் பார்த்து, பிரெஞ்சுக்காரன் சொதப்பிவிட்டான் என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"எடம் மாறி இருந்தா தப்புன்னு இல்லடா. எவன் கைக்குன்னு பாரு."

பழைய ஜாய்ஸ்டிக் உடைந்ததும், இந்தக் காலத்துக் கன்ட்ரோலரை அதில் பொருத்தியே தீருவேன் என்று நின்றாய். புதுசு பேசுவது பழசுக்குப் புரிய, நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட். பாதி வேலையில் பக்கவாதம் வந்து உன் இடது கை விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஈயக் கம்பியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஒற்றைக் கையால் பற்றவைத்தாய். எனக்குப் பொறுக்காது. நான் வந்தால் எல்லாவற்றையும் உன்னிடமிருந்து வாங்கிக்கொள்வேன். நீ படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பேன். டீ கிளாஸைக்கூட நானேதான் உன் வாயருகில் பிடிப்பேன்.

ஒருநாள் சொன்னாய்: "இனிமே நீ வராதடா. நீ வந்தா நான் சீக்காளி ஆயிடுறேன்."

வாசல்வரை வந்த உன் மனைவி, புத்தி கொஞ்சம் தடுமாறும் என்று டாக்டர் சொன்னதாகவும், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னாள். அந்த வாரமே நீ போய்விட்டாய். பேசியது நோய்தான், நீ இல்லை என்று நம்பித்தான் இந்த வருஷத்தை ஓட்டினேன்.

அதனால்தான் இன்று, நாலு திசையும் தலைகீழாக இருந்தபோது, சுடும் பொத்தான் இடது மேல்விளிம்பில் ஒண்டியிருந்தபோது, எனக்கு வருத்தத்தோடு ஆறுதலும் வந்தது. கோபிக்காதே. தடுமாறித்தான் இருந்திருக்கிறாய் என்று தோன்றியது. ஒயர்களை மாற்றிவிடலாம் என்று பற்றவைக்கும் கோலைச் சூடாக்கினேன்.

உன் மனைவி டீயைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள்.

"இன்னாண்ணா தலகீழா புடிச்சினு இருக்க? அவரு இப்டிதான் புடிப்பாரு."

கன்ட்ரோலரை அரைச்சுற்றுத் திருப்பி என் வலது கையில் வைத்தாள். இடப்பக்கம் இருந்த திசைப் பொத்தான்கள் வலது கட்டைவிரலுக்கு அடியில் வந்தன. சுடும் பொத்தான் உள்ளங்கையில் பதிந்தது. வலப்பக்கம் அமுக்கினேன், விமானம் வலப்பக்கம் போயிற்று. மேலே அமுக்கினேன், ஏறியது. ஒரு கையே போதும்.

"தெனம் சாயங்காலம் ஆடுவாரு. நீ வந்தா மட்டும் ஒளிச்சி வெச்சிடுவாரு" என்றாள்.

உன் புத்தி நேராகத்தான் இருந்திருக்கிறது. அப்படியானால் வராதே என்றது நீதான். என்னிடமிருந்து ஏனடா ஒளித்தாய்? பிடுங்கிக்கொள்வேன் என்றா? நான் உதவியாகத்தானே நினைத்தேன்? ஒன்றும் புரியவில்லை. கோலை அணைத்தேன். ஒரு ஒயரையும் தொடவில்லை. இடது கையை மடியில் போட்டுக்கொண்டு ஆடினேன்.

உன் மனைவி டிவியைப் பார்க்கவில்லை, என் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தாள். டீ ஆறுகிறது என்று கிளாஸை எடுத்து என் வாயருகில் நீட்டினாள்.

"வைம்மா. நானே எடுத்துக்கிறேன்" என்றேன்.

அது ஏன் அவ்வளவு கடுப்பாக வந்தது என்று வீடு வந்தும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.