குளிர் அறையின் கதவு

பானு,

வளைகாப்பை எனக்காகத் தள்ளிவைக்க வேண்டாம். லீவு ரத்தாகிவிட்டது.

ஒருமுறை விதைத்தால் வருஷா வருஷம் விளையும் கோதுமை, உறைபனியைத் தாங்குமா என்று அல் ஐன் பாலைவன வெயிலில் குளிர் அறை வைத்துச் சோதிக்கிறோம். நாற்றுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிருக்குப் பழக்கினேன். உடன் வேலை செய்யும் ஃபவாஸ், ஒரு வாரமாக அந்த அறைக் கதவைத் திறந்துபோட்டு வாசலிலேயே உட்கார்ந்து மத்தியானம் சாப்பிட்டிருக்கிறான். குளிர்ப் பழக்கம் விட்டுப்போன நாற்றுகள் நேற்று உறைநிலைக்குப் போனதும் மொத்தமாகச் செத்தன.

கத்தினேன். “ஊட்டியில உக்காந்து சாப்ட்டேண்ணே, அதுக்கா இவ்ளோ சத்தம்?” என்கிறான்.

முதலிலிருந்து விதைக்க வேண்டும். புது நாற்று சோதனைக்குத் தயாராகத் தை ஆகிவிடும். டாக்டர் உனக்குச் சொன்னது கார்த்திகை.

வளையல் போடும்போது வீடியோ காலில் கூப்பிடாதே. அத்தனை பேர் முன்னால் என்னால் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள முடியாது.

உன் வீட்டுக்காரன்